இரண்டாவது அழைப்பு

ஜூன் 3

சோமு அண்ணன் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். பேச்சுவார்த்தை முடியும்வரை யார் என்ன சொன்னார்கள் என்று எங்களில் ஒருவர் எழுதி வைக்க வேண்டுமாம். "லேய் தனசிங்கு, உனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கும்" என்றார். இத்தனை வருஷம் விமானம் ஓட்டியவனுக்குக் கிடைத்த பாராட்டு இதுதான்.

எங்கள் பக்கம் மூன்று பேர். சங்கத் தலைவர் கேப்டன் சோமசுந்தரம், நான், இளைய விமானிகளின் சார்பில் முபீனா. எதிரே கம்பெனியின் மனிதவளத் தலைவர் ராகவேந்திரன், கூடவே வாய் திறக்காத ஒரு வக்கீல். இடம், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. ஏ.சி.யில் பல் தந்தியடிக்கிறது.

பழைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்துவிட்டது. புதியதில் நாங்கள் கேட்பவை பல. ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு. ஒன்று, ராத்திரி ஓட்டிவிட்டு வந்தவனை மறுநாள் ராத்திரியும் ஏற்றக் கூடாது. இன்னொன்று, பதினோராவது அம்சம். மருத்துவப் பரிசோதனையில் தகுதி இழக்கும் விமானிக்கு ஓய்வு வயது வரை தரையில் வேலை கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் டாக்டர் 'தகுதியில்லை' என்று எழுதினால் மூன்றே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போன வருஷம் அப்படிப் போன டேனியல் இப்போது மாமனார் கடையில் டைல்ஸ் விற்கிறான்.

பதினோராவதை எழுதிக் கொடுத்தது நான்தான். எல்லோருக்கும் நல்லதாயிற்றே என்றுதான்.

வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டு பாஸ்கரன் காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. மனுஷன் சிரித்துக்கொண்டே மேலே வந்து சொன்னார். என் மனைவி ரூபி ஒன்றுமே சொல்லவில்லை. கணக்கு டீச்சர் பேசாமல் இருந்தால் மனசுக்குள் எதையோ கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஜூன் 5

மதுரை போய்த் திரும்பினேன். துணை விமானி முபீனா. நான் பயிற்சி கொடுத்த பெண், ஆம்பூர்க்காரி. நல்ல கை.

மதுரையில் இறங்கும்போது வேகம் கொஞ்சம் குறைந்தது. அவள் "ஸ்பீடு" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் இரண்டாவது முறை "ஸ்பீடு" என்றாள். "கரெக்டிங்" என்றேன். வண்டி சரியாக இறங்கியது.

விமானி அல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். ஓட்டுகிறவரை மற்றவர் இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கூப்பிட்டவர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சீனியர், ஜூனியர் என்ற பேச்சே கிடையாது. எனக்கு இந்த விதி பிடிக்கும். வகுப்பில் நானே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது ஓடுபாதை ஓரத்தில் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. கவனம் அதில் போய்விட்டது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது முபீனா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஜூன் 9

ராகவேந்திரன் கல்லுளிமங்கன். எதைக் கேட்டாலும் "போர்டுல சொல்றேன்" என்கிறார். வெளிநாட்டு விமானிகளை வாடகைக்கு எடுக்கப்போவதாகக் காதில் விழும்படி வக்கீலிடம் பேசினார். வேலைநிறுத்தம் செய்தால் கோர்ட்டுக்குப் போவார்களாம்.

மதியம் டீ குடிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. "வேலைநிறுத்தம் எதுக்கு? எல்லாருக்கும் ஒரே நாள்ல உடம்பு சரியில்லாம போனா யார் என்ன பண்ண முடியும்?" என்றேன். சோமு அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"லேய், அறிவாளி! முதல்ல நீ லீவு சொல்லு. தனசிங்கு சொல்லிட்டான்னு தெரிஞ்சா அதுதான் சைகை. மத்த எல்லாவனும் சொல்லிருவான்."

சாயங்காலத்துக்குள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாட்ஸாப்பில் என்னைக் காய்ச்சல் தளபதி என்கிறார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 12

கம்பெனிக்குள் காது இருக்கிறது. இன்று சுற்றறிக்கை வந்துவிட்டது. மறு உத்தரவு வரும்வரை எல்லா விடுப்பும் ரத்து. உடம்பு சரியில்லை என்று சொல்பவர் அன்றைக்கே கம்பெனி டாக்டர் முன்னால் வந்து நிற்க வேண்டும். கண், இதயம், நரம்பு என்று தலைமுதல் கால்வரை முழுப் பரிசோதனை.

"பொய் வயித்துவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போறாங்களாம்!" என்று ஓய்வறையில் சிரித்து உருண்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

குழியை வெட்டிய புத்திசாலி நான்தான்.

ஜூன் 13

நாளை கோயம்புத்தூர். நன்றாகத் தூங்க வேண்டும். என் பிரச்சினையே தூக்கம்தான். தூங்கினால் சரியாகிவிடும்.

ஜூன் 14

கோயம்புத்தூர். முபீனா.

காலையில் சட்டைப் பொத்தானைப் போடுவதிலிருந்து கார் ஏறும்வரை ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று மட்டும், இன்று மட்டும் என்றுதான்.

போகும்போது நான்தான் ஓட்டினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் ஆட்டியது. இறங்குவதற்கு முன்னால் கட்டுப்பாட்டை முபீனாவிடம் கொடுத்தேன். பக்கவாட்டுக் காற்றில் இறக்க இளையவர்களுக்குப் பழக்கம் வேண்டும். அழகாக இறக்கினாள். நல்லாயிருந்ததும்மா என்றேன். அவள் நன்றி சொல்லவில்லை. சீட் பெல்ட் கொக்கியை விடுவிக்க மூன்று முறை முயன்றாள். கஷ்டமான காற்றுதானே.

திரும்பும்போதும் அவளையே ஓட்டச் சொன்னேன்.

ஜூன் 16

மிக்ஸி ரிப்பேர். ஜாடியின் அடியில் ரப்பர் போய்விட்டதாம். கடைக்காரன் நாளை வா என்றான். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் சுற்றிக்கொண்டு வந்தேன். சங்கக் கூட்டத்தில் சோமு அண்ணன் ஓய்வு நேரம் கிடைத்தால் போதும், பதினோராவதை விட்டுவிடலாம் என்கிற மாதிரி பேசினார். நான் எழுந்து அதெல்லாம் முடியாது என்று சொல்லலாம் என்று நினைத்தபோது

ஜூன் 17

மேலே இருக்கிற வாக்கியத்தை ஏன் பாதியில் விட்டேன் என்று தெரியவில்லை. பேனா தாளில் நீளமாக இழுத்திருக்கிறது. தூக்கம் சொக்கியிருக்கும்.

ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. கார் சாவியையும். ரூபியைக் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே, "எங்க போகணும்னு சொல்லுங்க, நான் கொண்டு விடறேன்" என்றாள். மிக்ஸிக் கடைக்கு என்றேன். பின்னால் உட்கார்ந்து போனேன். நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிறவன்!

"நேத்து எழுதிக்கிட்டே இருந்தீங்களே, நான் காப்பி கொண்டுவந்து வச்சது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியுமே என்றேன். தெரியாது.

ஜூன் 19

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். இதில் பாதி எனக்கு மற்றவர்கள் சொன்னது.

ராகவேந்திரன் இன்று இறங்கி வந்தார். ஓய்வு நேரக் கோரிக்கை முழுக்க சம்மதம், ஆனால் பதினோராவதை விட்டுவிட வேண்டும் என்றார். சோமு அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இருந்தாலும் நான் எழுதியது என்பதால் என் பக்கம் திரும்பி, "தனசிங்கு, என்ன சொல்லுத?" என்று கேட்டாராம்.

நான் பதில் சொல்லவில்லையாம். யோசிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். திரும்பவும் கேட்டிருக்கிறார். நான் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேனாம். அப்போது முபீனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "நான் பேசறேன்" என்றாளாம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திடீரென்று முபீனா பேசிக்கொண்டிருக்கிறாள், என் டீ ஆடை கட்டிப்போயிருக்கிறது.

"சார், பதினொன்னு இல்லன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தருக்கு உடம்புல ஏதோ சரியில்லன்னு முதல்ல தெரியறது அவருக்குத்தான். வேலை போயிடும்னு பயந்து அவர் மறைப்பார். மறைச்சுக்கிட்டே ஓட்டுவார். பின்னாடி உங்க பயணிகள் உக்காந்திருப்பாங்க. அவங்களுக்காகக் கேக்கறேன், எங்களுக்காக இல்ல."

வக்கீல் முதல் முறையாக வாயைத் திறந்து ராகவேந்திரன் காதில் ஏதோ சொன்னார். கடைசியில் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை: கையெழுத்தாகும் நாளுக்குப் பிறகு தகுதி இழப்பவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். போர்டின் ஒப்புதல் வாங்கி 28ஆம் தேதி கையெழுத்து.

கார் நிறுத்துமிடத்தில் முபீனா காத்திருந்தாள்.

"சார், கோயம்புத்தூர்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"உனக்கு லேண்டிங் குடுத்தேன். நல்லா பண்ணின."

"நீங்க குடுக்கல சார். ரெண்டு தடவ கூப்பிட்டேன். நேரா பாத்துக்கிட்டே இருந்தீங்க. நான்தான் எடுத்தேன். இறங்கினதுக்கப்புறம் நல்லாயிருந்ததும்மான்னு சொன்னீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

பக்கத்தில் நின்ற யாருடைய காரின் மேலோ சாய்ந்துகொண்டேன்.

"அன்னைக்கே கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கணும். விதி அதான், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. எழுதல. பதினொன்னு முடியட்டும்னு நெனச்சேன். அது என் தப்பு. அன்னைலேந்து நான் தூங்கல சார். இருபத்தெட்டுக்குள்ள உங்களுக்கு இன்னும் மூணு டிரிப் இருக்கு. மூணுலயும் நான் இல்ல."

ஜூன் 20

14ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். 'கொடுத்தேன்' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுதும்போது பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பயமே அதுதான்.

மூன்று டிரிப். 23 கோயம்புத்தூர், 25 ஹைதராபாத், 27 மதுரை. மறுநாள் கையெழுத்து. அதற்கு அடுத்த நாள் நானே டாக்டரிடம் போய்விடுவேன். மூன்றே மூன்று. ஒவ்வொன்றிலும் துணை விமானியையே ஓட்டச் சொல்லலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து வேறொருவன் இப்படிச் சொன்னால் அவனைக் கதவைத் திறந்து இறக்கிவிட்டிருப்பேன்.

ஜூன் 21

போர்டு இழுக்கிறது. பதினோராவதை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்களாம். 28 உறுதியில்லை என்று ராகவேந்திரன் போனில் சொல்லிவிட்டார். சோமு அண்ணனுக்கு ஆத்திரம். "இழுக்கட்டும், 28 தாண்டினா நீ லீவு சொல்லு, பாத்துக்கிடலாம்" என்றார்.

28 இல்லையென்றால் இன்னும் எத்தனை டிரிப்?

ஜூன் 22

ஞாயிறு. கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பாஸ்கரன் பிடித்துக்கொண்டார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாளே, நாளைக் காலை குழந்தையோடு கோயம்புத்தூர் திரும்புகிறாளாம். குழந்தைக்கு இது முதல் விமானம். "நீங்கதான் ஓட்டறீங்கன்னு ரூபி மேடம் சொன்னாங்க. அப்புறம்தான் சார் எங்க வீட்டம்மாவுக்கு மூச்சே வந்துச்சு" என்றார். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

மேலே வந்து ரூபியிடம் கத்தினேன். எந்த டிரிப் என்று ஊரெல்லாம் ஏன் சொல்கிறாய் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வேண்டுமென்றே சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 23

யூனிஃபார்ம் போட்டேன். கார் கீழே வந்து ஹாரன் அடித்தது. ரூபி டிபன் பையை நீட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். வழியை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.

படியில் பாஸ்கரனின் மகள் குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். "அங்கிள், ப்ளேன்ல பாக்கலாம்!" என்றாள். என்னால் அடுத்த படியில் கால் வைக்க முடியவில்லை. உள்ளே திரும்பி சோபாவில் உட்கார்ந்தேன். "ரூபி, எனக்குப் பயமாருக்கு" என்றேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இப்படிச் சொல்லி எத்தனை காலமாகிறது!

"எனக்கும்தாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன் பண்ணுங்க."

பணி ஒதுக்கும் அறையில் ஒரு பெண் எடுத்தாள். கேப்டன் தனசிங், உடம்பு சரியில்லை, இன்று ஓட்ட முடியாது என்றேன். அவள், "ஆரம்பிச்சாச்சா சார்?" என்று ரகசியமாகக் கேட்டாள். எதை என்று எனக்குப் புரியவே இல்லை.

கம்பெனி மருத்துவ நிலையத்துக்கு ரூபி ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். சாவி அவள் கைப்பைக்குள்தான் இருந்திருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் சோமு அண்ணன் போனில், "லேய் மக்கா, சொல்லாம கொள்ளாம ஆரம்பிச்சிட்டியே! அறுபது பேர் லீவு சொல்லியாச்சு. ராகவேந்திரன் என் கால்ல விழாத குறை!" என்றார்.

சைகை! எனக்கு அது ஞாபகமே இல்லை. உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்று சொல்லப் போனவனால் விமான நிலையமே முடங்கிக் கிடக்கிறது. "அண்ணே, இது சைகை இல்ல" என்றேன். சொல்ல ஆரம்பித்தவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உள்ள போயிராத. கையெழுத்து ஆகுத வரைக்கும் அங்கேயே இரி" என்று போனை வைத்தார்.

காத்திருக்கும் இடம் முழுக்க விமானிகள். டி-ஷர்ட்டும் செருப்புமாக ஒரே கும்மாளம். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டினான். "தளபதி வந்தாச்சு! என்ன சார், மூஞ்சியெல்லாம் வெளுத்து சூப்பரா நடிக்கறீங்க" என்றான் இன்னொருவன். பிறகு அவன் ரூபியைப் பார்த்தான். அவள் மடியில் ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவர்கள் வைத்திருப்பது மாதிரி மாற்றுத் துணியும் தண்ணீர் பாட்டிலும் வைத்த பை. அவன் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவன் தோளைத் தொட்டான். அந்த அறையில் சத்தம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

முபீனா வந்தாள். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. "தனசிங் சார் கடைசி" என்றாள்.

நர்ஸ் என் பெயரைத்தான் முதலில் வைத்திருந்தாள். வயிற்றுவலிக்காரன் எழுந்து, "எனக்கு ரொம்ப வலிக்குது சிஸ்டர், நான் முதல்ல" என்று உள்ளே போனான். முழுப் பரிசோதனை வேண்டும், சுற்றறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது என்று டாக்டரிடம் அடம் பிடித்தானாம். அவன் வெளியே வந்ததும் அடுத்தவன். ஈ.சி.ஜி., கண், காது, ரத்தம், ஒன்றையும் விடவில்லை. எங்களை மடக்கப் போட்ட உத்தரவைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொருவராக எனக்கு முன்னால் போனார்கள். நாற்பது வயதில் ஒருவன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்கு நிறக்குருடு இருக்குமோ என்று சந்தேகம் கிளப்பினான்.

நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டி.வி.யில் பயணிகள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கரனின் மகளும் அங்கே எங்கேயோ இருப்பாள். இன்றைக்குள் கையெழுத்தாகாவிட்டால் இந்த வரிசை தீர்ந்துவிடும், நான் மட்டும் மிச்சமிருப்பேன். பாதிப் பேர் போனதும் மிச்சத் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். கடைசி நான்கு பேர் ஆனபோது ரூபியின் கையை எலும்பு நோகப் பிடித்திருக்கிறேன், பிறகுதான் பார்த்தேன்.

கடைசி ஆள் உள்ளே இருக்கும்போது முபீனாவின் போன் அடித்தது. சோமு அண்ணன். அவள் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரூபி எழுந்து ஓடினாள்.

"கையெழுத்தாயிடுச்சு ஆன்ட்டி. பதினொன்னோட" என்றாள் முபீனா. பிறகு என்னிடம் வந்தாள். "உள்ள எதையும் மறைக்காதீங்க சார். கோயம்புத்தூர நான் காலைலயே எழுதிக் குடுத்துட்டேன்."

கதவு திறந்தது. "கேப்டன் தனசிங்" என்று கூப்பிட்டார்கள்.

முதல் அழைப்பிலேயே பதில் சொன்னேன்.

ஜூன் 30

இது விழாத வகை வலிப்பாம். சில கணங்கள் மனுஷன் இருந்த இடத்திலேயே இல்லாமல் போய்விடுவானாம். ஸ்கேனில் ஒரு சின்ன வடு தெரிகிறது. அது என்ன என்று இன்னொரு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்களாம். மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. இனிமேல் விமானம் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து பயிற்சி மையத்தில் வகுப்பு.

முபீனாவுக்கு விசாரணை முடியும்வரை பறக்கத் தடை. பார்க்க வந்திருந்தாள். என்னால்தானே என்றேன். "இல்ல சார், என்னாலதான்" என்றாள். ஆனால் தூக்கம் வருகிறதாம்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். எங்கள் கம்பெனி விமானம் ஒன்று தலைக்கு மேலே சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது. ஓட்டுகிறவன் யாரோ. கொஞ்சம் அழுதேன். மோட்டாரைப் போட்டேன். நிரம்பியதும் அணைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பினால் ரூபி பக்கத்தில் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறாள். தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ கூப்பிட்ட?" என்று கேட்டேன்.

"ஒரே தடவதாங்க" என்றாள், துணிகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. ரூபிக்குக் கணக்கு தப்பவே தப்பாது.